விருந்தாளி வந்தால் ஒரு சட்டி மத்திக் குழம்பு



திருவிழாவுக்கு மச்சான், கொழுந்தியாள், பிள்ளைகள் என்று எட்டுப் பேர் வந்து இறங்கிவிட்டால், "வஞ்சிரம் வாங்கக் காசுக்கு எங்கே போறது?" என்று மலைக்க வேண்டாம். ஒரு கிலோ மத்தி போதும். சாளை என்றும் சொல்வீர்கள். செவுள் சிவப்பாக, கண் தெளிவாக இருக்கணும். ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்ததை மலிவென்று வாங்காதீர்கள். அதில் உண்டாகும் நச்சு கொதிக்க வைத்தாலும் போகாது. உடம்பு தடித்துச் சிவந்துவிடும்.

கணவர் மீனைக் கழுவட்டும். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும், குழம்பு இறங்கியதும் முதலில் உட்காருவது அவர்கள்தான்! நல்லெண்ணெயில் வெந்தயம், கால் கிலோ சின்ன வெங்காயம், நான்கு தக்காளி வதக்கி, பெரிய எலுமிச்சை அளவு புளியைக் கரைத்து ஊற்றி, குழம்புத்தூள், உப்பு போட்டு, பச்சை வாசனை போகக் கொதித்த பிறகே மீன். பத்து நிமிஷத்தில் வெந்துவிடும். கரண்டி போட்டால் உடையும். சட்டியைத் துணியால் பிடித்து ஒரு சுற்று சுற்றுங்கள்.

இப்போது முக்கியமான விஷயம். எல்லாருக்கும் பரிமாறிவிட்டு, உண்டாகியிருக்கிற பெண் கடைசியில் சட்டியை வழித்து வெறும் சாறு ஊற்றிக்கொள்வது பல வீடுகளில் நடக்கிறது. மத்தியில் புரதம் நிறைய. வயிற்றுப் பிள்ளையின் மூளை வளர்ச்சிக்கு வேண்டிய கொழுப்புச் சத்தும் உண்டு. மெல்ல முடிந்த சிறு முள்ளில் சுண்ணாம்புச் சத்து. ஆகவே இலை போடுவதற்கு முன்பே அவளுக்கு மூன்று மீனை எடுத்து வையுங்கள். மாமியார் சொன்னால் ரொம்ப நல்லது. கணவர் சொல்லவும் கூச்சப்பட வேண்டாம். அவளும் கூடவே உட்காரட்டும். மறுசோறு வேண்டுமென்றால் மச்சானே எழுந்து போட்டுக்கொள்வார்.