கர்ப்பத்துல விலா வலி: சிறுநீரகக் கட்டி கசிஞ்சா என்ன செய்றது?

இன்னைக்குப் பேசப்போற கட்டியோட பேரு கொஞ்சம் நீளம்: ஆஞ்சியோமயோலிபோமா. ஒரு தடவை சொல்லிப் பார்த்துட்டு விட்டுடுங்க, நான் 'கட்டி'ன்னே சொல்றேன். சிறுநீரகத்துல ரத்தக்குழாய், தசை, கொழுப்பு மூணும் கலந்து வளர்றது. புற்றுநோய் இல்ல. வேற எதுக்கோ ஸ்கேன் எடுக்கும்போதுதான் பெரும்பாலும் கண்ணுல படும்.

இந்தக் கட்டிக்குள்ள ஓடுற ரத்தக்குழாய்ங்க ரொம்ப பலவீனமானவை. அங்கங்க பலூன் மாதிரி புடைச்சுக்கும். கர்ப்பத்துல உடம்புல ஓடுற ரத்தத்தோட அளவு 40 முதல் 50 சதவீதம் கூடுது. ஹார்மோன்களால கட்டியும் வளரலாம். 4 செ.மீ.க்கு மேல உள்ள கட்டி, 5 மி.மீ.யோ அதுக்கு மேலயோ உள்ள புடைப்பு, இந்த ரெண்டும் இருந்தா டாக்டர்கள் உஷாராயிடுவாங்க.

வெடிச்சா எப்படித் தெரியும்? விலாவுக்குக் கீழ ஒரு பக்கமா திடீர்னு கடும் வலி, தலைசுத்தல், வியர்வை, படபடப்பு. சிறுநீர்ல ரத்தம் வந்தே ஆகணும்னு இல்ல. ஏன்னா, சிறுநீரகத்தைச் சுத்தி வயித்துக்குப் பின்பக்கமா அது தேங்கிக்கலாம். ஏமாந்து போறது இங்கதான். வீட்ல, "மாசமா இருந்தா இடுப்பு வலிக்கத்தானே செய்யும்"பாங்க. ஆஸ்பத்திரியிலயும் முதல்ல கல்லுன்னோ, நஞ்சுக்கொடி பிரிஞ்சிடுச்சுன்னோ சந்தேகம் வரலாம்.

உடனே குழந்தையை எடுத்துடணுமான்னு எல்லாரும் பதறுவாங்க. டாக்டர் முதல்ல பார்க்கிறது அம்மாவோட ரத்த அழுத்தம் நிலையா இருக்கான்னு. இருந்தா, தேவைக்கு ரத்தம் ஏத்தி, ஓய்வுல வெச்சு, அல்ட்ராசவுண்ட், எம்.ஆர்.ஐ. மூலமா கண்காணிச்சுக்கிட்டே கர்ப்பத்தைத் தொடர முடியும். கசிவு நிக்கலைன்னா எம்போலைசேஷன். தொடை இடுக்கு வழியாவோ மணிக்கட்டு வழியாவோ மெல்லிய குழாயை விட்டு, கசியுற ரத்தக்குழாயை மட்டும் உள்ளேயே அடைச்சுடுவாங்க. எக்ஸ்ரே பார்த்துத்தான் செய்யணும், அதனால பயம் வரும், நியாயம்தான். ஆனா நேரத்தையும் கதிர் படுற பரப்பையும் சுருக்க முடியும். அம்மா ஷாக்குக்குப் போயிட்டா குழந்தைக்கு ரத்தம் போறதே குறைஞ்சுடும். இதுல எது பெரிய ஆபத்துன்னு எனக்குச் சந்தேகமே இல்ல. அதுலயும் அடங்கலைன்னா அறுவை சிகிச்சை. சில நேரம் அந்தச் சிறுநீரகத்தையே எடுக்க வேண்டி வரும். குழந்தை வளர்ந்திருந்தா, அதை எப்போ வெளிய எடுக்கிறதுன்னு மகப்பேறு டாக்டரும் சேர்ந்து முடிவு பண்ணுவாங்க.

டியூபரஸ் ஸ்கிளரோசிஸ்ங்கிற மரபணு நோய் இருக்கிறவங்களுக்கு ரெண்டு சிறுநீரகத்துலயும் இப்படி நிறைய கட்டிகள் வரலாம். அதைச் சுருக்கக் கொடுக்கிற எவரோலிமஸ் மாத்திரையைக் கர்ப்பத்துல பொதுவா தவிர்க்கிறாங்க. அதனால குழந்தைக்குத் திட்டமிடும்போதே சிறுநீரக டாக்டரைப் பாருங்க; பெரிய கட்டியா இருந்தா அப்பவே அடைச்சுடலாம். ஏற்கெனவே மாசமா இருக்கீங்களா? அந்தப் பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டைத் தேடி எடுத்து, செக்கப் ஃபைல்ல முதல் பக்கமா வெச்சுடுங்க.