கசிவு நின்ற தாய்மார்
(ஆதரவாளர் கூடுகையில் ஆற்றிய உரை)



பிரசவ வேதனை இரண்டு, மூன்று நாட்கள் நீடித்தும் உதவி கிடைக்காதபோது, குழந்தையின் தலை தாயின் சிறுநீர்ப்பையை இடுப்பெலும்போடு வைத்து நெருக்குகிறது. இரத்த ஓட்டம் நின்ற சதை அழுகித் துளை விழுகிறது. குழந்தை பெரும்பாலும் இறந்தே பிறக்கும். தாய்க்கோ அன்றுமுதல் இரவும் பகலும் சிறுநீர் கசிந்துகொண்டே இருக்கும். துர்நாற்றத்தினிமித்தம் கணவனும் ஊராரும் அவளை ஒதுக்கிவிடுவதுண்டு. இதற்கு பிஸ்டுலா என்று பெயர்.

நெடுங்காலம் இதற்கு நம்பத்தக்க சிகிச்சை இல்லாதிருந்தது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், மரியன் சிம்ஸ் என்னும் மருத்துவர் 1845 முதல் பலமுறை முயன்று, 1849-ல் வெள்ளிக் கம்பியால் தைத்துத் துளையை மூடினார். அவரிடம் அறுவைக்கு உட்பட்டவர்கள் அடிமைப் பெண்கள். அனார்ச்சா, பெட்ஸி, லூசி என்னும் மூவரின் பெயர்களை மாத்திரம் அவர் எழுதி வைத்தார். மயக்க மருந்தின்றி அனார்ச்சாவுக்கு மட்டும் சுமார் 30 முறை அறுவை நடந்தது. மறுத்துச் சொல்லும் உரிமை அவர்களுக்கு இருக்கவில்லை. நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் நின்ற சிம்ஸின் சிலை 2018-ல் அகற்றப்பட்டது. இன்று சுகம் பெறும் ஒவ்வொரு தாயும் அந்த மூவருக்கும் கடன்பட்டவள் என்று நாங்கள் எண்ணுகிறோம்.

இதே சிகிச்சை அன்போடும் செய்யப்பட்டதை எத்தியோப்பியாவில் காண்கிறோம். கிறிஸ்தவ மருத்துவத் தம்பதியரான ரெஜினால்ட், கேத்தரின் ஹாம்லின் 1959-ல் மூன்றாண்டு ஒப்பந்தத்தில் ஆஸ்திரேலியாவிலிருந்து அங்கே சென்றார்கள். திரும்பிப் போய்விடவில்லை. 1974-ல் அடிஸ் அபாபாவில் பிஸ்டுலா நோயாளிகளுக்கென்றே மருத்துவமனையை நிறுவி, இலவசமாகச் சிகிச்சை அளித்தார்கள். துளையைத் தைத்தபின், தையல் ஆறும்வரை ஒரு மெல்லிய குழாய் வழியே சிறுநீர் வடிக்கப்படும். அதைக் கவனித்துக்கொள்ளும் தாதியரின் பொறுமையும் அறுவைக்கு இணையானதே.

அவர்களிடம் நோயாளியாய் வந்தவர் மமிட்டு காஷே. எழுத்தறியாத அந்தக் கிராமத்துப் பெண், அருகே நின்று பார்த்துப் பழகி, தாமே அறுவை செய்பவரானார். 1989-ல் லண்டன் ராயல் அறுவை மருத்துவர் கல்லூரி, ஹாம்லின் தம்பதியரோடு அவரையும் கௌரவித்தது. ஒரு காலத்தில் மறுக்கவும் உரிமையற்றிருந்த நோயாளியின் இடத்திலிருந்து, மற்றவரைக் குணமாக்கும் ஒருவர் எழும்பினார்!

கேத்தரின் அம்மையார் 2020-ல், 96-ஆம் வயதில் காலமானார். 2007-ல் அவர் தொடங்கிய மருத்துவச்சிகள் கல்லூரி நமக்கு ஒன்றைக் கற்பிக்கிறது: துளையைத் தைப்பது நல்லது, துளை விழாமல் தடுப்பது அதிலும் நல்லது. பயிற்சி பெற்ற ஒரு மருத்துவச்சியும், மருத்துவமனைக்குக் கொண்டுசேர்க்க ஒரு வண்டியும் நேரத்தில் கிடைத்தால் போதும். நீங்கள் காணிக்கை கொடுக்கும்போது, அறுவை அறையோடு அந்த மருத்துவச்சியையும் தயவாய் நினைத்துக்கொள்ளுங்கள்.