சீரங்கத்து மதிலில் ஒட்டிய தாள்

(திருச்சியில் ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

தோழர்களே!

பஞ்சாலையில் வேலை செய்கிறவர்களும் வயலில் நாற்று நடுகிறவர்களுமாக நாங்கள் நாற்பது பேர் ஒரு பஸ் பிடித்து, பாளையக்காரர் போர் நடந்த ஊர்களைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறோம். பார்த்ததை உங்களிடம் சொல்ல வேண்டியது எங்கள் கடமை.

பயணத்தை வெளியூரில் தொடங்கவில்லை, இங்கேயே தொடங்கினோம். 1801 ஜூன் 16 அன்று திருச்சிக் கோட்டையிலும் சீரங்கம் கோயில் மதிலிலும் ஓர் அறிக்கை ஒட்டப்பட்டது. வெளியிட்டவர் சிவகங்கைச் சீமையின் சின்ன மருது. நவாபு முட்டாள்தனமாக இடம் கொடுத்தார். வெள்ளையர் நாட்டையே விழுங்கிவிட்டார்கள். ஜனங்களை நாயாக நடத்துகிறார்கள். சோறு போய் வெறும் நீராகிவிட்டது. இதற்கெல்லாம் காரணம் நம்மிடம் ஒற்றுமை இல்லாததே என்று அந்தத் தாள் பேசிற்று. கும்பினிப் பட்டாளத்தில் சம்பளம் வாங்கும் நம்மூர்ச் சிப்பாயையும் அது கூப்பிட்டது.

சீரங்கத்தில் மதிலோரம் பூ விற்கும் அம்மாவிடம் இதைச் சொன்னோம். "முப்பது வருஷமா இங்கதான் உக்காந்திருக்கேன், யாரும் சொல்லலையே தம்பி" என்றார்கள். தவறு அந்த அம்மாவுடையதல்ல. சொல்லாமல் இருந்த நம்முடையது.

அங்கிருந்து திருப்பத்தூர் போனோம். 1801 அக்டோபர் 24 அன்று மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட ஊர். அடுத்து, அவர்கள் சமாதி இருக்கும் காளையார்கோயில். அந்த ஊரைச் சுற்றி அன்று பெருங்காடு. கும்பினியார் ஒரு மாதம் காடு வெட்டியும் வழி திறக்க முடியாமல் பின்வாங்கினார்கள். பிறகு வேறு வழியாக வந்துதான் ஊரைப் பிடித்தார்கள். அந்தக் காட்டில் கோடரி பிடித்தவன் யார்? கூலிக்கு வந்த நம் ஆள்தான்.

கயத்தாறு போனோம். 1799 அக்டோபர் 16 அன்று கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட இடம். பிறகு பாஞ்சாலங்குறிச்சி. கும்பினியார் இடித்த அந்தக் கோட்டையை, 1801இல் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய ஊமைத்துரையும் ஜனங்களும் சில நாட்களிலேயே மண்ணால் மறுபடி எழுப்பினார்கள். வெள்ளை அதிகாரிகளே வியந்தார்கள். அந்த மே மாதம் கோட்டை விழுந்தது. தரைமட்டமாக்கி, உழுது, ஆமணக்கு விதைத்தார்கள் என்பது ஊர்ப்பேச்சு. இன்று நாம் பார்ப்பது 1974இல் அரசு கட்டிய நினைவுக் கோட்டை.

அங்கே மாண்ட வெள்ளை அதிகாரிகளுக்குக் கல்லறை உண்டு. கல்லில் பெயர் உண்டு. சில நாட்களில் கோட்டை எழுப்ப மண் சுமந்தவனுக்குக் கல் எங்கே? பெயர் எங்கே?

தோழர்களே, உலகத்தின் மறுகோடியிலும் இதே கதைதான். அமெரிக்காவில் மினசோட்டா என்றொரு மாநிலம். அங்கே டகோட்டா என்ற பூர்வகுடிகளின் நிலத்தை ஒப்பந்தம் போட்டு வாங்கினார்கள். தர வேண்டிய பணம் காலத்தில் வரவில்லை, பசி வந்தது, 1862இல் போர் வெடித்தது. அந்த ஆண்டு டிசம்பர் 26 அன்று மன்காட்டோ நகரில் ஒரே நாளில் 38 பேரைத் தூக்கிலிட்டார்கள். 1912இல் அங்கே ஒரு கல் நட்டார்கள். 38 பேர் தூக்கிலிடப்பட்டதைச் சொன்ன அந்தக் கல்லில் ஒருவர் பெயரும் இல்லை. 1971இல் அந்தக் கல் அகற்றப்பட்டது. 2012இல் 38 பேரின் பெயர்களும் பொறித்த நினைவுச்சின்னம் எழுந்தது. ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று, ஆனாலும் பெயர் வந்தது.

இனி நம் வீட்டுக் குறையையும் ஒளிக்காமல் பேசுவோம். பாளையக்காரர் வெள்ளையனை எதிர்த்தார்கள். அதற்குத் தலை வணங்குகிறோம். ஆனால் அவர்களும் உழுதவனிடம் வரி வாங்கியவர்களே. எட்டயபுரமும் புதுக்கோட்டையும் கும்பினி பக்கம் நின்றன. வெற்றிக்குப் பிறகு 1803இல் கும்பினி சிவகங்கையை நிரந்தர ஜமீனாக்கிற்று. அன்று ஏறிய ஜமீன் பாரம் இறங்க 1948ஆம் வருடத்து ஒழிப்புச் சட்டம் வர வேண்டியிருந்தது. சீரங்கத்து மதிலில் ஒட்டிய அந்தத் தாளும் நாலு வருணத்தாரையும் முஸ்லிம்களையும் பெயர் சொல்லி அழைத்தது. வருணத்துக்கு வெளியே சேரியில் தள்ளப்பட்டவனை அப்படிப் பெயர் சொல்லி அழைக்கவில்லை. மண் சுமந்தவனை விட்டுவிட்டு ஒற்றுமை பேசினால் அது அரை ஒற்றுமை. சங்கம் கட்டும் நாம் மறக்கக்கூடாத பாடம் இது.

ஆகவே இரண்டு வேலைகள். ஒன்று, வருகிற ஜூன் 16 மாலை சீரங்கத்து மதிலோரம் கூடுவோம்; அந்த அறிக்கையை உரக்கப் படிப்போம்; பூ விற்கும் அம்மாவை முன்வரிசையில் உட்கார வைப்போம். இரண்டு, ஊருக்குப் போனதும் கிழவர் கிழவிகளிடம் உட்கார்ந்து கேளுங்கள்: இந்த ஏரிக்கரையை எழுப்பியது யார்? இந்த வாய்க்காலை வெட்டியது யார்? சொல்லும் பெயர்களை ஒரு நோட்டில் எழுதிக் கொண்டு வாருங்கள்.

ராஜாக்களின் பெயரைக் கல் காப்பாற்றும். நம்மவர் பெயரை நாம்தான் காப்பாற்ற வேண்டும்.