வாசலில் நிற்கும் வண்டியும் வாய் திறக்காத நிர்வாகமும்

(திருநெல்வேலி சந்திப்பு ரயில் நிலையத்தை அடுத்த தெருக்களில் வசிக்கும் மக்களின் கூட்டத்தில் நாம் பேசியதன் வாசகம்)



நாம் இங்கே பேச வந்திருப்பது உலக மகாப் பிரச்னை ஒன்றைப் பற்றி அல்ல. உங்கள் வாசல்படியைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். விடிந்து கதவைத் திறந்தால் படியை அடைத்துக்கொண்டு நிற்கிறதே மோட்டார் சைக்கிள், அதைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். "கட்சிக்காரர்களுக்கு வேறு வேலை இல்லையா?" என்று சிலர் கேட்கக்கூடும். ஜனங்கள் தினந்தோறும் எதற்காகச் சண்டை போட்டுக்கொள்கிறார்களோ, அது கட்சியின் வேலைதான் என்பது நம்முடைய பதில்.

மீனாட்சிபுரம், சிந்துபூந்துறை, கைலாசபுரம் ஆகிய பகுதிகளைச் சுற்றி வாருங்கள். ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் ரயில் பாதை, நடுவில் நெருக்கமான வீடுகள். மாட்டு வண்டியும் குதிரை வண்டியும் போன காலத்தில் அமைந்த சந்துகள் இவை. இன்றைக்கு ஆழ்வார்திருநகரிக்குப் போகிறவரும், அம்பாசமுத்திரத்துக்குப் போகிறவரும், நாகர்கோவிலுக்கும் கோவில்பட்டிக்கும் வேலைக்குப் போகிறவரும் இந்தச் சந்துகளில் வண்டியைப் போட்டுவிட்டுத்தான் ரயிலுக்கு ஓடுகிறார்கள்.

சில மாதங்களுக்கு முன் நாம் கண்ணால் கண்ட ஒரு சம்பவத்தைச் சொல்கிறோம். ஒரு வீட்டில் வயதான ஆச்சி ஒருவருக்கு மூச்சுத் திணறல் வந்துவிட்டது. ஆம்புலன்ஸ் தெருமுனை வரைக்கும் வந்தது. உள்ளே வர வழியில்லை. இரண்டு பக்கமும் வண்டிகள், நடுவில் ஒரு கார். நாற்காலியில் உட்கார வைத்து நான்கு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். நல்ல வேளையாக ஆச்சி பிழைத்துக்கொண்டார். அன்று மாலை தெருவே கொதித்துப் போயிற்று. ரயிலைவிட்டு இறங்கித் தன் வண்டியை எடுக்க வந்த ஓர் இளைஞனைப் பிடித்துக்கொண்டார்கள்.

"ஏலே, ஒனக்கு அறிவிருக்கா? இது தெருவா, ஒங்கப்பன் வீட்டுத் தொழுவமா?" என்று ஒருவர் சட்டையைப் பிடித்தார்.

"அண்ணாச்சி, தெரியாம நடந்துபோச்சு. காலைல செங்கோட்டை வண்டிய விட்டா எனக்கு அரைநாள் சம்பளம் போயிரும். நான் எங்க கொண்டுபோய்ப் போட?" என்றான் அவன்.

விசாரித்தோம். மேலப்பாளையத்துப் பையன். தென்காசியில் ஒரு ஜவுளிக் கடையில் விற்பனையாள். காலையில் போனால் இரவில் திரும்புகிறவன். சட்டையைப் பிடித்தவர் யார்? அவரும் ஒரு கூலித் தொழிலாளிதான். உழைத்துப் பிழைக்கிற இருவர் தெருவில் நின்று மோதிக்கொண்டார்கள். ரயில்வே நிர்வாகமும் மாநகராட்சி நிர்வாகமும் அங்கே இல்லை. தோழர்களே, அன்றைக்கு அந்தத் தெருவில் இருந்திருக்க வேண்டியவர்கள் அந்த இருவரும்தான்!

ரயில் நிலையத்தில் வண்டி நிறுத்துமிடம் இருக்கிறதே, அங்கே போட்டால் என்ன என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ரயில்வே அந்த இடங்களை எப்படி நடத்துகிறது? ஏலம் விடுகிறது. 2022-ஆம் ஆண்டிலிருந்து இணையவழியிலேயே ஏலம் நடக்கிறது. அதிகத் தொகை கேட்பவருக்குக் குத்தகை. குத்தகைதாரர் போட்ட பணத்தை யாரிடமிருந்து எடுப்பார்? வண்டி நிறுத்துகிறவனிடமிருந்துதான் எடுப்பார். ஒரு பேச்சுக்கு நாளொன்றுக்கு 20 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 25 நாளுக்கு 500 ரூபாய். ரயிலில் போக வாங்குகிற சீசன் டிக்கட்டோடு வண்டி நிற்க வாங்குகிற சீட்டு போட்டி போடுகிறது! கடைச் சிப்பந்தி என்ன செய்வான்? தெருவுக்குத்தான் வருவான்.

இன்னொரு கணக்கும் பாருங்கள். ஒரு கார் நிற்க ஏறக்குறைய 5 மீட்டர் நீளமும் 2.5 மீட்டர் அகலமும் வேண்டும். அதே இடத்தில் ஆறு மோட்டார் சைக்கிள்கள் நிற்கும். சென்னைக்குப் போகிற சிலர் காரைச் சந்தில் விட்டுவிட்டு இரண்டு நாள், மூன்று நாள் கழித்து வருகிறார்கள். அவர்களையும் அன்றாடம் போய்வருகிற தொழிலாளியையும் ஒரே தராசில் நிறுத்த முடியாது.

2023 செப்டம்பர் 24-ல் நெல்லையிலிருந்து சென்னைக்கு வந்தே பாரத் ரயில் 8 பெட்டிகளோடு புறப்பட்டது. பிறகு பெட்டிகளைக் கூட்டினார்கள். வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் பெட்டியைக் கூட்டியவர்கள், அதில் ஏற வருகிறவரின் வண்டி எங்கே நிற்கும் என்று கணக்குப் போட்டார்களா? ரயில் நிர்வாகத்துக்குப் பயணி என்பவர் பிளாட்பாரத்தில்தான் பிறக்கிறார். அங்கே வந்துசேர அவர் பட்ட பாடு அதன் ஏட்டில் இல்லை.

மாநகராட்சி மட்டும் என்ன செய்தது? சந்திப்புப் பஸ் நிலையத்தை 'ஸ்மார்ட் சிட்டி' திட்டத்தின் பேரால் 2018 இறுதியில் இடித்தார்கள். 2024-ல்தான் அது மீண்டும் திறக்கப்பட்டது. ஐந்து ஆண்டுகள்! ரயிலடிக்குப் பக்கத்தில் பஸ் நிலையம் இல்லாத ஐந்து ஆண்டுகளில் எத்தனை குடும்பங்கள் கடனை வாங்கி மோட்டார் சைக்கிள் வாங்கியிருக்கும்? பஸ்ஸை நம்ப முடியாதவன் வண்டி வாங்குகிறான். வாங்கிய வண்டியை உங்கள் வாசலில் நிறுத்துகிறான். இந்தச் சங்கிலியின் முதல் கண்ணி உங்கள் தெருவில் இல்லை, தோழர்களே.

நம் ஊருக்கு இது முடியாத காரியமா? ரயில் பாதைக்கு மேலே நிற்கும் ஈரடுக்கு மேம்பாலத்தைப் பாருங்கள். 1973-ல் திறந்தார்கள். கனரக வண்டிகளுக்கு மேல் அடுக்கு, சைக்கிள் முதலான சிறிய வண்டிகளுக்குக் கீழ் அடுக்கு. சைக்கிளில் போகிறவனும் மனிதன்தான், அவனுக்கும் ஒரு வழி வேண்டும் என்று ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே இந்த ஊரில் திட்டம் போட்டார்கள். பாலத்தில் வழி கொடுத்தவர்களுக்கு நிலையத்தில் இடம் கொடுக்கத் தெரியாதா?

வெளிநாட்டு நிலைமையைப் பாருங்கள். ஜப்பானில் 1970-களில் ரயிலடிகளைச் சுற்றித் தொழிலாளர்களின் சைக்கிள்கள் மலைபோல் குவிந்தன. 1980-ல் அங்கே ஒரு சட்டம் வந்தது. சைக்கிள் நிறுத்த இடம் அமைப்பது ஸ்தல ஸ்தாபனத்தின் பொறுப்பு, ரயில் நிறுவனங்கள் அதற்கு ஒத்துழைக்க வேண்டும் என்றது. பிறகு அதைத் திருத்தி வலுப்படுத்தினார்கள். நெதர்லாந்தில் உட்ரெக்ட் நகர ரயில் நிலையத்துக்கு அடியில் 12,500 சைக்கிள்கள் நிற்க இடம் கட்டி 2019-ல் முடித்தார்கள். முதல் 24 மணி நேரத்துக்குக் கட்டணமே கிடையாது. இவை சோஷலிச நாடுகள் அல்ல, முதலாளித்துவ நாடுகள்தான்! அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

நம் நாட்டிலும் சட்டத்துக்குப் பஞ்சமில்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 117-ஆவது பிரிவு, ஸ்தல ஸ்தாபனத்தைக் கலந்து வண்டி நிற்கும் இடங்களைக் குறிக்க அதிகாரம் தருகிறது. 122-ஆவது பிரிவு, பிறருக்கு இடைஞ்சலாக வண்டியை விட்டுப்போவதைத் தடுக்கிறது. அதிகாரிகளுக்கு 122 மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. 117 மறந்துவிடுகிறது. இடம் காட்டாமல் அபராதம் மட்டும் போடுவது வசூலே ஒழிய நிர்வாகம் ஆகாது.

இப்போது உங்களிடமும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கசப்பாக இருந்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். சில வீட்டார் வாசலுக்கு முன்னால் கல்லைப் போடுகிறார்கள், சங்கிலி கட்டுகிறார்கள், பூந்தொட்டி வைக்கிறார்கள். சக்கரத்தில் காற்றைப் பிடுங்கிவிடுகிறவர்களும் உண்டு. தெரு பொதுச் சொத்து. வண்டிக்காரனுக்கு அது சொந்தமில்லை என்றால் வீட்டுக்காரருக்கும் சொந்தமில்லை. வழிதான் நமக்கு உரிமை. அந்தக் கல்லே நாளைக்கு ஆம்புலன்ஸை மறிக்கும்.

நம்மையும் நாம் விட்டுவைக்க வேண்டியதில்லை. நம் சங்கக் கூட்டத்துக்கு வந்த தோழர்கள் இதே தெருவில் வரிசையாக வண்டியை நிறுத்தியிருந்ததை ஒரு தாய் சுட்டிக்காட்டினார். தலை குனிந்தோம். இனி அப்படி நடக்காது.

ஆகவே நாம் கோருவது இதுதான். ஒன்று, சீசன் டிக்கட் வைத்திருப்பவரின் இருசக்கர வண்டிக்கு நிலையத்தில் மலிவான மாதச் சீட்டு வேண்டும். சைக்கிளுக்குக் கட்டணம் கூடாது. கட்டணத்தை ஏலக்காரரின் லாபம் தீர்மானிக்கக் கூடாது. இரண்டு, எந்தத் தெருவில் எந்தப் பக்கம் நிறுத்தலாம் என்று பகுதி சபையில் தெருமக்களைக் கேட்டு மாநகராட்சி கோடு போட வேண்டும். ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் போகும் அகலத்தை விட்டு, மீதி இருந்தால்தான் நிறுத்தம். நாள் கணக்கில் நிற்கும் கார்களுக்குச் சந்துகளில் இடமில்லை. மூன்று, அதிகாலை ரயிலுக்கும் இரவு ரயிலுக்கும் ஒத்த நேரத்தில் மேலப்பாளையம், பேட்டை, தச்சநல்லூர், பாளையங்கோட்டைப் பகுதிகளிலிருந்து டவுன் பஸ் வேண்டும்.

இந்த மனுவில் தெருவாசிகளின் கையெழுத்து மட்டும் போதாது. நாளைக் காலையில் நாம் பிளாட்பாரத்துக்கும் போகிறோம். செங்கோட்டை வண்டிக்கும் திருச்செந்தூர் வண்டிக்கும் காத்து நிற்பவர்களிடம் கையெழுத்துக் கேட்கப் போகிறோம். உங்களில் சிலர் கூட வர வேண்டும். சட்டையைப் பிடித்த அந்த அண்ணாச்சி வருவதாகச் சொல்லியிருக்கிறார். அந்த மேலப்பாளையத்துப் பையனைத் தேடிப் பிடித்து முதல் கையெழுத்தை அவனிடமே வாங்குவேன் என்கிறார்.

அந்த இரண்டு பெயரும் ஒரே காகிதத்தில் அடுத்தடுத்து நிற்கட்டும். அதைக் கையில் வைத்துக்கொண்டு ரயில்வே வாசலிலும் மாநகராட்சி வாசலிலும் நாம் ஒன்றாக நிற்போம். பதில் வரும்வரை நகரமாட்டோம்!