கருத்த தோலில் சிவப்பு எங்கே?

 

"கம்ப்யூட்டரே தோல் நோயைக் கண்டுபிடிச்சிடுமாமே, அப்புறம் உனக்கென்ன வேலை?" என்று காலையில் ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான்.

சொரியாசிஸ் எவ்வளவு கடுமை என்று அளக்க, 1978-இல் வந்த 'பாசி' கணக்கையே இன்றும் போடுகிறோம். சிவப்பு, தடிப்பு, செதில் ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 மார்க். படத்தைப் பார்த்து இதைப் போடச் செயற்கை நுண்ணறிவுக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். நாம் இரண்டு டாக்டர் பார்த்தால் இரண்டு மார்க். அதற்கு அந்தத் தடுமாற்றம் இல்லை.

சிக்கல் சிவப்பில்தான். நம்மவர் கருத்த தோலில் அழற்சி கத்திரிப்பூ நிறமாகவோ சாம்பலாகவோ தெரியும். வெள்ளைத் தோல் படங்களையே பார்த்துப் பழகிய கம்ப்யூட்டர் 'லேசு' என்றுவிட்டால், மருந்தும் லேசாகிவிடும். அதை மட்டும் குறை சொல்வானேன்? நான் படித்த புத்தகப் படங்களும் அப்படித்தானே! ஆரம்பத்தில் ஓர் அம்மாவுக்கு நானே மார்க்கைக் குறைத்துப் போட்டேன். "எரியுது டாக்டர்"னு அவங்க அழுத பிறகுதான் தொட்டுப் பார்த்தேன், சுட்டது.

2022-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் தோல்நோய்க் கருவிகள் சிலவற்றைச் சோதித்தபோது, கருத்த தோல் படங்களில் அவை தடுமாறின. அத்தகைய படங்களைக் கொடுத்துப் பயிற்றியதும் வித்தியாசம் குறைந்தது. ஆக, படம்தான் பாடம். எங்கள் பிரிவில் நோயாளி சம்மதத்தோடு, ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்துச் சேர்க்கிறோம். கம்ப்யூட்டர் படிக்கும் தம்பி தங்கைகளே, சாப்பாட்டுக்குப் பிறகு என்னை வந்து பாருங்கள்.