மயக்கமும் விழிப்பும்

மேனாட்டு ராக் இசையில் ஒரு மறைபொருளும் ஒரு நம்பிக்கையும் புகுந்த காலம் உண்டு. 1966 ஏப்ரலில், லண்டன் அபே ரோட்டிலுள்ள ஒலிப்பதிவுக் கூடத்தில், பீட்டில்ஸ் குழுவினர் காந்த நாடாக்களை வெட்டி, முனைகளை ஒட்டி, ஐந்து வளையங்களாக்கி ஒரே வேளையில் சுழலவிட்டனர். அடியில் தம்பூராவின் சுருதி நின்றது. ஜான் லெனனின் குரல் சுழலும் ஒலிபெருக்கி வழியே வந்தது. 'டுமாரோ நெவர் நோஸ்' என்னும் அப்பாடல், ஏறக்குறைய ஒரே ஆதாரச் சுரத்தைப் பற்றியே மூன்று நிமிடம் நடக்கின்றது.

இதற்கு ஊற்று எல்.எஸ்.டி. என்னும் மருந்தே என்பாருளர். தூண்டுகோல் அது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் நாடாவை அளந்து வெட்டியது மயக்கமன்று, விழிப்புள்ள உழைப்பே.

அக்குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் 1967 ஆகஸ்டில் சான் பிரான்சிஸ்கோ சென்றார். மருந்தில் அமிழ்ந்து கிடந்த இளைஞரைக் கண்டு மனங்கசந்து அதனைக் கைவிட்டார். அவருக்குச் சிதார் கற்பித்த ரவிசங்கரோ, இசைக்குப் போதை வேண்டா என்றே வலியுறுத்தி வந்தார்.

மருந்தின் மயக்கம் ஓரிரவில் தெளிந்துவிடும். கேளாத ஒலியையும் மனிதன் கேட்கச் செய்யலாம் என்ற நம்பிக்கையோ, அப்பாடலில் இன்றும் ஒலிக்கின்றது.