தொழில் வலைத்தளம்: கொள்ளத்தக்கனவும் தள்ளத்தக்கனவும்



உத்தியோகம் தேடிப் புறப்படும் ஒருவர் கையில் எடுத்துச் செல்வது ஒரு கோவை. கல்விச் சான்றிதழ்களும், முன்பு வேலை செய்த இடத்திலே பெற்ற நற்சான்றுப் பத்திரமும், நன்னடத்தைச் சான்றும் அதனுள் அடுக்கப்பட்டிருக்கும். அதனைத் திறந்து பார்க்கும் வாய்ப்பு நேர்முகப் பரீட்சை நடத்தும் மூவருக்கோ நால்வருக்கோ மட்டுமே உண்டு. லிங்க்டின் எனப்படும் தொழில் வலைத்தளம் செய்திருப்பது யாதெனில், அந்தக் கோவையை உலகத்தின் முன் விரித்து வைத்ததேயாகும். அத்தளம் காலத்துக்குக் காலம் அளித்துவரும் புதிய வசதிகளுள் எவற்றைக் கொள்வது, எவற்றைத் தள்ளுவது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

இத்தளத்தை 2002ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் றீட் ஹொஃப்மன் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் நிறுவினர். 2003 மே 5ஆம் திகதி அது பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. 2016இல் மைக்ரோசொவ்ட் நிறுவனம் 2,620 கோடி டொலர் விலைகொடுத்து அதனை வாங்கியது. 2023இல் அதன் அங்கத்தவர் தொகை 100 கோடியைத் தாண்டியது. இத்தனை பெரிய சந்தையிலே ஒரு மூலையில் நிற்கும் நம் பிள்ளையை எவர் கண்டுகொள்வார் என்ற ஏக்கம் எழுவது இயல்பே. அந்த ஏக்கத்தினால் உந்தப்பட்டே பலர், புதிதாக எந்த வசதி வந்தாலும் அதனை உடனே பற்றிக்கொள்ளுகின்றனர்.

ஆனால், வருவன எல்லாம் நிலைப்பனவல்ல. 24 மணி நேரத்தில் மறைந்துவிடும் சிறு படக்காட்சிகளை வெளியிடும் வசதி 2020இல் வந்தது. 2021 செப்டெம்பரில் நிறுத்தப்பட்டது. ஒருவரின் திறமையைச் சிறு தேர்வொன்றின் மூலம் சோதித்துச் சின்னம் வழங்கும் முறை 2019இல் தொடங்கி, 2023இல் முடிவுற்றது. எழுத்தாளர்க்கும் பேச்சாளர்க்கும் என 2021இல் ஏற்படுத்தப்பட்ட தனி ஏற்பாடும் 2024இல் கைவிடப்பட்டது. இவற்றுக்காகவே இரவு பகலாக உழைத்தவர்களின் உழைப்பில் பெரும்பகுதி அவற்றோடு போயிற்று. ஆகவே, புதுமை என்பது ஒன்றே கொள்வதற்குக் காரணமாகாது. அளந்து பார்க்க நமக்கு ஓர் அளவுகோல் வேண்டும்.

அந்த அளவுகோலை, இத்தளம் பிறப்பதற்கு ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு சமூகவியல் அறிஞர் நமக்கு வகுத்துத் தந்துள்ளார். மார்க் கிரனோவெற்றர் என்பது அவர் பெயர். பொஸ்ரன் நகருக்கு அண்மையிலுள்ள நியூட்டன் என்னும் ஊரில், புதிதாக வேலை மாறியவர்களை அவர் விசாரித்தார். தெரிந்தவர் ஒருவர் மூலம் வேலை பெற்றவர்களிடம், “அவரை நீர் எத்தனை முறை சந்திப்பது வழக்கம்?” என்று கேட்டார். அடிக்கடி சந்திப்பவர் என்று விடை கூறியோர் நூற்றுக்கு 17 பேர் அளவிலேயே இருந்தனர். இடையிடையே சந்திப்பவர் என்றோர் 56 பேர். மிக அரிதாகச் சந்திப்பவர் என்றோர் 28 பேர். 1973இல் அவர் வெளியிட்ட கட்டுரை இந்த உண்மையை உலகறியச் செய்தது.

இதன் காரணம் விளங்கிக்கொள்ள எளியது. நம் நெருங்கிய உறவினரும் நண்பரும் நமக்குத் தெரிந்த செய்தியையே தாமும் அறிந்திருப்பர். தூரத்துப் பழக்கமுடையவரோ நாம் எட்டிப் பாராத வேறொரு வட்டத்தில் உலாவுகின்றவர். ஆதலின் புதிய செய்தி அவரிடமிருந்தே வரும். 2022இல் ‘சயன்ஸ்’ என்னும் ஆய்விதழில் வெளியான ஓர் ஆய்வு, லிங்க்டின் அங்கத்தவர் 2 கோடிப் பேரின் ஐந்தாண்டுத் தொடர்புகளைக் கொண்டு இதனைச் சோதித்தது. மிக நெருங்கியோரும் அல்லாமல், முற்றும் அந்நியரும் அல்லாமல், இடைநிலைப் பழக்கமுடையோரே வேலை மாற்றத்துக்கு அதிகம் உதவுகின்றனர் என்பது அதன் முடிவு.

நேயர்களே, இதிலிருந்து நாம் பெறும் அளவுகோல் இதுதான். நமக்கு உதவக்கூடியவர் நம்மை அரைகுறையாக அறிந்தவர். எட்டு ஆண்டுகளுக்கு முன் ஒரே விரிவுரை மண்டபத்தில் இருந்தவர். ஒரு பயிற்சி வகுப்பிலே பக்கத்து நாற்காலியில் அமர்ந்தவர். அவர் நம் பக்கத்தைத் திறக்கும்போது மூன்று செய்திகள் அவருக்குத் தெரியவேண்டும்: நாம் யார், எதைச் செய்து காட்டியிருக்கிறோம், இப்போது எதை நாடுகிறோம். இம்மூன்றையும் உண்மையாகத் தெரிவிக்க உதவும் வசதி கொள்ளத்தக்கது, உதவாதது தள்ளத்தக்கது.

முதலில், ‘நாம் யார்’ என்பதை எடுத்துக்கொள்வோம். நமது பெயரை நமது குரலிலேயே பத்து விநாடிகளுக்குள் ஒலிப்பதிவு செய்து வைக்கும் வசதி 2020இல் வந்தது. கைத்தொலைபேசிச் செயலி மூலம் அதனைச் செய்யலாம். வானொலி நேயர்களுக்குக் குரலின் அருமையை நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதினால், ழகரமும் ளகரமும் லகரமும் ஒன்றாகக் கலந்துவிடும். நீண்ட பெயரைக் கண்ட வெளிநாட்டு அலுவலர், உச்சரிக்கத் தயங்கியே தொலைபேசியை எடுக்காமல் விடுதலும் கூடும். அந்தத் தயக்கத்தை நீக்கப் பத்து விநாடிகள் போதும். இன்னொன்று: அத்தளம் முதற்பெயர், குடும்பப்பெயர் என இரண்டு கேட்கும். தந்தை பெயரைத் தலைப்பெழுத்தாகக் கொள்ளும் நமக்கு இது குழப்பம் தருவது. கடவுச்சீட்டிலும் சான்றிதழ்களிலும் உள்ள ஒழுங்கையே இங்கும் பின்பற்றுக. இடத்துக்கொரு பெயராக வைத்தால், பின்னர் சான்றுகளை ஒப்புநோக்கும்போது வீண் தொல்லை நேரும்.

இரண்டாவது, ‘எதைச் செய்து காட்டியிருக்கிறோம்’ என்பது. பக்கத்தின் மேற்பகுதியில் நமது ஆக்கங்களைக் காட்சிக்கு வைக்க இடம் தரப்பட்டுள்ளது. “கடின உழைப்பாளி, தலைமைத்துவம் மிக்கவர்” என்னும் அடைமொழிகளால் அதனை நிரப்புவதிற் பயனில்லை. கணக்காளர் ஒருவர், தாம் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் பேரேடுகளைக் கணினிக்கு மாற்றிய விதத்தை இரண்டு பக்கங்களில் விளக்கி அங்கே வைக்கலாம். கட்டட வரைஞர் தமது வரைபடமொன்றையும், ஆசிரியை தாம் தயாரித்த பாடத்திட்டத்தையும், உரியவர் அனுமதி பெற்று வைக்கலாம். செய்த வேலை தானே பேசும்.

தொழிலிலே இடைவெளி ஏற்பட்டவர்களுக்கும் ஒரு நல்ல வசதி உண்டு. பிள்ளை வளர்ப்பு, பெற்றோரைப் பராமரித்தல், நோய், துயரம், ஆட்குறைப்பு முதலிய காரணங்களால் வேலையில்லாது இருந்த காலத்தை வெளிப்படையாகக் குறிப்பிட 2022இல் இடமளிக்கப்பட்டது. இது சிறியதாகத் தோன்றினும் அதன் பயன் பெரிது. நம் பெண்களிற் பலர், ஐந்தாறு ஆண்டுகள் வீட்டில் இருந்தபின் வேலைக்குத் திரும்ப விரும்பினும், அந்த வெற்றிடத்தை எண்ணி நாணுகின்றனர். சிலர் ஆண்டுகளை மாற்றி எழுதவும் துணிகின்றனர். அது வேண்டாத செயல். மாமியாரின் நோய்க்காலத்தில் மருத்துவச் செலவுக் கணக்கையும், பிள்ளைகளின் படிப்பையும், வீட்டு நிருவாகத்தையும் ஒருங்கே நடத்தியவர், அதனை ஓரிரு வரிகளில் தலைநிமிர்ந்து எழுதலாம். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் தொழிலை இழந்தவர்க்கும் இதுவே பொருந்தும். மறைக்கப்பட்ட வெற்றிடம் ஐயத்தை வளர்க்கும். சொல்லப்பட்ட காரணம் ஐயத்தைத் தீர்க்கும்.

மூன்றாவது, ‘இப்போது எதை நாடுகிறோம்’ என்பது. வேலைக்கு ஆயத்தமாக இருக்கிறேன் என்று அறிவிக்கும் பச்சை வளையத்தை நமது படத்தைச் சுற்றி இடும் வசதி, கொவிட் நோய் பரவிய 2020இல் ஏற்படுத்தப்பட்டது. இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, எல்லோருக்கும் தெரிய அறிவிப்பது. மற்றது, ஆட்சேர்ப்பு அலுவலருக்கு மட்டும் தெரியுமாறு அமைப்பது. வேலையின்றி இருப்பவர் முதலாவதைக் கொள்ளலாம்; அதில் வெட்கப்பட ஏதுமில்லை. இப்போது ஒரு வேலையில் இருந்துகொண்டே வேறொன்றைத் தேடுபவர் இரண்டாவதைக் கொள்வதே தகும். ஆயினும், தற்போதைய வேலைகொள்வோரின் கண்ணுக்கு அது படாதபடி தடுக்க முயல்வதாகத் தளத்தார் கூறினாலும், முழு இரகசியத்துக்கு அவர்கள் உத்தரவாதம் அளிக்கவில்லை. இதனை அறிந்தே தீர்மானிக்க வேண்டும்.

இனி, எச்சரிக்கையாய் அணுக வேண்டிய இரண்டைக் கூறுகிறேன்.

ஒன்று, அடையாள உறுதிப்பாடு. ஒருவர் தாம் இன்னாரென்றோ, இன்ன நிறுவனத்தில் வேலை செய்பவரென்றோ சான்று காட்டி ஒரு சின்னத்தைப் பெறும் முறை 2023இல் வந்தது. நம்மை நாடி வரும் ஆட்சேர்ப்பாளரிடம் அது உண்டா என்று பார்ப்பது நல்லது. ஆனால், அது ஆளைப் பற்றிய சான்றேயன்றி, அவர் தரும் வேலையைப் பற்றிய சான்றன்று. கணினி வேலை என நம்பிச் சென்ற இலங்கை இளைஞர் சிலர், மியன்மாரின் மியாவடிப் பகுதியிலுள்ள இணைய மோசடி முகாம்களிலே சிறைப்பட்டிருந்து 2024இல் மீட்கப்பட்ட செய்தியை நாம் மறக்கலாகாது. எந்த வழியாக வந்த அழைப்பாயினும், இந்நாட்டிலிருந்து வெளிநாட்டு வேலைக்கு ஆள்சேர்க்கும் முகவர், வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் பெற்றிருத்தல் சட்டப்படி அவசியம். அதனைப் பணியகத்திலேயே விசாரித்து அறிக. முற்பணம் கேட்பவர், கடவுச்சீட்டை முதலில் அனுப்பச் சொல்பவர், உல்லாசப் பயண விசாவில் வந்து சேருமாறு கூறுபவர் ஆகியோரிடமிருந்து விலகி நிற்க.

இரண்டாவது, செயற்கை நுண்ணறிவு எழுதித்தரும் சுயவிவரம். பொத்தானை அழுத்தியதும் அழகிய வாசகங்கள் வந்து விழுகின்றன. பிழை திருத்த அதனைத் துணைக்கொள்வதிற் குற்றமில்லை. ஆனால், ஆயிரம் பேருக்கு ஒரே இயந்திரம் எழுதிக் கொடுத்தால், ஆயிரம் பேரும் ஒரே முகத்தோடு நிற்பர். நம்மை அரைகுறையாக அறிந்தவர் அந்த வாசகங்களில் நம்மைத் தேடிக் காணமாட்டார். அன்றியும், அங்கத்தவரின் எழுத்துக்களையும் விவரங்களையும் கொண்டு இத்தகைய இயந்திரங்களைப் பயிற்றுவிக்கும் அமைப்பு, பல நாடுகளில் முன்கூட்டியே இயங்கும் நிலையில் வைக்கப்பட்டிருந்தமை 2024 செப்டெம்பரில் வெளியாயிற்று. விரும்பாதோர் அதனைத் தமது கணக்கின் தரவுத் தனியுரிமைப் பகுதிக்குச் சென்று நிறுத்திக்கொள்ளலாம். 2012இல் இத்தளத்தின் கடவுச்சொற்கள் திருடப்பட்டு, பாதிக்கப்பட்ட கணக்குகள் 10 கோடிக்கும் மேற்பட்டவை எனப் பின்னர் தெரியவந்தமையால், இரட்டைச் சரிபார்ப்பையும் இயங்கச் செய்தல் புத்திசாலித்தனம்.

இவை எல்லாவற்றையும் செய்து முடித்தபின், வாரத்தில் அரைமணி நேரம் ஒதுக்கினாற் போதுமானது. நாள்தோறும் அங்கே குடியிருக்க வேண்டியதில்லை. அந்த அரைமணியில், நெடுங்காலம் தொடர்பற்றுப்போன ஒருவருக்கு ஒரு குறிப்பு எழுதுக. அழைப்போடு குறிப்பெழுதும் உரிமை கட்டணம் செலுத்தாதோர்க்கு மட்டுப்படுத்தப்பட்டிருப்பதால், ஆள் அறிந்தே எழுதுக. “நாம் இருவரும் ஒரே பிரிவில் நில அளவை கற்றோம், தாங்கள் இப்போது நீர்ப்பாசனத் திட்டங்களில் ஈடுபட்டிருப்பதைக் கண்டு மகிழ்ந்தேன், அத்துறைக்கு வர என்ன கற்கவேண்டும் என்று தங்களிடம் அறிய விரும்புகிறேன்” என்று எழுதினால் அதற்குப் பதில் வரும். “வேலை இருந்தாற் சொல்லவும்” என்று எழுதினால் அநேகமாக வராது.

இறுதியாக ஒன்று. இத்தளத்தின் பழைய வசதிகளுள் ஒன்று, பிறருக்கு நாமே எழுதிக் கொடுக்கும் நற்சான்றாகும். 2012இல் வந்த, பொத்தானை அழுத்தித் திறமையை ஆமோதிக்கும் வசதி எளியது. ஆகையால் அதன் மதிப்பும் எளியது. நான்கு வரி எழுதுவதற்கோ நேரமும் நினைவும் வேண்டும். உங்கள் கீழ் வேலை செய்த இளைஞர், உங்களிடம் பயின்ற மாணவி, நெருக்கடியில் உங்களுக்குத் தோள்கொடுத்த சக ஊழியர் ஆகியோருள் ஒருவரை இந்த வாரம் நினைத்துப் பாருங்கள். அவர் செய்த ஒரு செயலைக் குறிப்பிட்டு, கேட்காமலே அந்த நான்கு வரிகளை எழுதிக் கொடுங்கள். அவருக்குத் தூரத்துப் பழக்கமுடையவர் நீங்கள்தாம். அவருடைய அடுத்த வேலை உங்கள் நான்கு வரிகளுக்காகக் காத்திருக்கலாம்.